என் பெயரில் போன பதில்கள்

கம்போங் ஆயர், புருணை
8 ஜனவரி 2023

மகள் மஸ்னாவுக்கு,

உன் அப்பா தாமித்தின் சலாம். இது என் கையெழுத்துதான். நம்ப முடியவில்லை என்றால் உறையைத் திருப்பிப் பார். முகவரியையும் நானேதான் எழுதினேன். அபர்டீன் என்று உன் ஊர்ப் பெயரை எழுத ஒரு முற்பகல் முழுவதும் ஆனது. தபால் அலுவலகப் பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு மாமா எழுதிக் குடுத்தது? எழுத்து ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசையில போகுது" என்றாள். என் பலகையை எடுத்து, "நான்தான். எழுபத்திரண்டு வயதில் கற்றேன்" என்று எழுதிக் காட்டினேன். அவள் எழுந்து நின்று முத்திரை குத்தினாள்.

போனிலேயே எழுதி அனுப்பக் கூடாதா என்று நீ கேட்பாய். போனில் அனுப்பினால் பாதி படிக்கும்போதே பதில் போட்டுவிடுகிறாய். தபாலில் வந்தால் கடைசி வரி வரை வாசித்தாக வேண்டும். முகம் பார்த்துப் பேசும் போனிலும் நீ பேசுகிறாய், நான் தலையாட்டுகிறேன். குரல்வளையை எடுத்து மூன்றரை வருடமாகத் தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன் மகளே. கழுத்து வலிக்கிறது.

வகுப்பு செவ்வாயும் வியாழனும் நடக்கிறது. தண்ணீர்மேல் நிற்கும் நம் பள்ளிக்கூடத்தின் பின் அறையில் ஏழு பேர் படிக்கிறோம். டீச்சர் ராபியா போன மாதம் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்: "உங்க பேர் எழுதியிருக்கிற ஏதாவது ஒண்ணைக் கொண்டுவாங்க. அதை வாசிப்போம்." ஜுமாட் படகு உரிமத்தைக் கொண்டுவந்தான். மாசிதா கல்யாணச் சான்றிதழைக் கொண்டுவந்தாள். வாசித்துப் பார்த்தால் அவள் புருஷன் ஒன்பது வயதைக் குறைத்துச் சொல்லித்தான் கட்டியிருக்கிறான். "செத்துப் பத்து வருஷமாச்சு, இல்லேன்னா இன்னைக்குக் கேட்டிருப்பேன் அவனை" என்று அவள் கத்தியதில் வகுப்பே நின்றுபோனது.

நான் போனைக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியின் நலப்பதிவுச் செயலியை நீதானே அதில் போட்டுக் கொடுத்தாய்? அன்றைக்குப் போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்கப்பா, இன்னொரு தடவை" என்றாய். படம் எடுக்கிறாய் என்று நினைத்துத் தலையை வாரிக்கொண்டேன். அது பூட்டைத் திறக்கிற வேலை என்று இப்போதுதான் தெரிகிறது. மேலே ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் டாக்டர் எழுதியது எல்லாம் நம் மொழிக்கு மாறிவிடும் என்று டீச்சர் காட்டினார்.

மஸ்னா, அதற்குள் முழுக்க முழுக்க நான்தான் இருக்கிறேன்! என் உயரம், எடை, எந்தத் தேதியில் காய்ச்சல், எத்தனை தையல். நான் வாசிக்கும் முதல் புத்தகம் என்னைப் பற்றியே இருக்கிறது. "முப்பது வருடம் புகைத்தவர்" என்று ஒரு வரி வருகிறது. இதை யார் போட்டுக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும். "நோயாளி உற்சாகமாக இருக்கிறார்" என்று இன்னொரு வரி. அதை வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன்.

செய்திகள் என்ற பகுதியில் நான் எழுதியதாகவே ஒன்று இருக்கிறது. தேதி 4 செப்டம்பர் 2019. "டாக்டர், நன்றாக யோசித்துவிட்டேன். அறுவை சிகிச்சையே செய்துகொள்ள விரும்புகிறேன். நன்றி. தாமித் பின் அவாங்." எவ்வளவு நேர்த்தி! அப்போது எனக்கு என் பெயர்கூட எழுத வராது. நீதான் எழுதியிருப்பாய். அதற்கு முந்தைய பக்கத்தில் டாக்டர் கின் மியோ நிறைய எழுதியிருக்கிறார். ஒரு நாளைக்கு நான்கு வரி என்று பின்னாலிருந்து முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா


அபர்டீன்
25 ஜனவரி 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

சலாம். உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை இடைவேளையில் பிரித்தேன். என்னுடன் வேலை செய்யும் பெண், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிக் கேட்கும் அளவுக்கு அழுதுவிட்டேன். எங்கள் அப்பா எழுதியிருக்கிறார் என்று உறையைக் காட்டினேன். எழுத்துகள் எந்தத் திசையில் போனாலும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டன.

நலப்பதிவுக்காக நீங்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அது வாசிப்பதற்காக எழுதியது இல்லை அப்பா. டாக்டர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வது. பாதி வார்த்தைகள் மருந்தகத்தில் இருக்கும் எனக்கே புரியாது. அந்தப் பொத்தானை அமுக்கினால் மொழிபெயர்ப்பும் கண்டபடி வரும். சில கேள்விகளுக்கு அன்றன்றே பதில் போட வேண்டியிருக்கும். அதனால்தான் உங்கள் பெயரில் நான் போடுகிறேன். எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் செய்கிறார்கள். பழைய பக்கங்களுக்குப் போகவே வேண்டாம். முடிந்துபோன விஷயத்தை ஏன் கிளற வேண்டும்?

போன வாரம் எடுத்த ஸ்கேன் முடிவு வந்ததும் நானே பார்த்துச் சொல்கிறேன். இருமல் எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதத்துடன் இரண்டு கதைப் புத்தகங்கள் அனுப்புகிறேன். பெரிய எழுத்து. அவற்றை வாசியுங்கள்.

உங்கள் மஸ்னா


கம்போங் ஆயர்
12 பிப்ரவரி 2023

மகள் மஸ்னாவுக்கு,

புத்தகங்கள் வந்தன. ஒன்றில் முயல், இன்னொன்றில் ஆமை. மாசிதாவிடம் கொடுத்துவிட்டேன்.

2 செப்டம்பர் 2019 என்ற பக்கத்தை வாசித்து முடித்தேன். பதினொரு நாள் ஆனது. அவசரப்பட்டுத் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். பிறகு டீச்சரிடம் போனைக் கொடுத்து, "இதைச் சத்தமாக வாசியுங்கள்" என்று எழுதிக் காட்டினேன். அவரும் நான் வாசித்ததைத்தான் வாசித்தார். பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மேலே வாசியுங்கள் என்று கையைக் காட்டினேன்.

இதோ, பார்த்து எழுதுகிறேன்: "இரண்டு வழிகள் விளக்கப்பட்டன. மகள் மொழிபெயர்த்தார். ஒன்று, கதிர்ச் சிகிச்சை. குரல் தங்க வாய்ப்பு அதிகம். நூற்றில் ஐம்பது பேருக்கு நோய் திரும்பலாம். இரண்டு, குரல்வளையை அகற்றும் அறுவை. குரல் போய்விடும். நூற்றில் முப்பது பேருக்கு நோய் திரும்பலாம். நோயாளி அறுவையைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு நாள் யோசித்து உறுதிசெய்யச் சொல்லப்பட்டது. நோயாளி உற்சாகமாக இருக்கிறார்."

அந்த அறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டாக்டர் பர்மாக்காரர். அப்போது அவருக்கு ஆங்கிலம் மட்டும்தான். கையைக் கையை ஆட்டி வெகுநேரம் பேசினார். ஒரு காகிதத்தில் இரண்டு வட்டம் போட்டுக்கூடக் காட்டினார். நீ என் பக்கம் திரும்பி, "கட்டியை எடுத்தாகணுமாம்பா. குரல் போயிடும். வேற வழி இல்லையாம்" என்றாய்.

"இவ்வளவு நேரம் பேசினாங்களே, அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"டாக்டருங்க அப்படித்தான், சுத்தி வளைச்சுப் பேசுவாங்க" என்றாய்.

"உங்கம்மா ஜாதி போலிருக்கு" என்றேன் நான். நீ சிரித்தாய். நான் சிரித்தேன். நாம் சிரிப்பதைப் பார்த்து டாக்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவர் உற்சாகம் என்று எழுதியிருக்கிறார். இந்த வரியைத்தான் நான் வகுப்பு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

படகுத்துறைக்குப் போய் ஜுமாட்டிடம் எழுதிக் காட்டினேன். அவன் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "போடா, பொண்ணு உன்னைக் காப்பாத்தியிருக்கா. குரல் இருந்தப்ப நீ என்ன ஓதவா செஞ்சே? அக்கரையில இருக்கிறவனை இக்கரையில இருந்து திட்டினே" என்றான். ஆமாம், திட்டினேன். அது என் குரல்தானே?

படகை ஏன் விட்டேன் என்று உனக்குத் தெரியும். கழுத்துத் துளைக்குள் தண்ணீர் தெறித்தால் உள்ளுக்குள்ளேயே மூழ்கிவிடுவேன். நாற்பத்தாறு வருடம் ஆற்றில் இருந்தவன் இப்போது பலகைப்பாதையின் நடுவில் நடக்கிறேன். அதையெல்லாம் சகித்துக்கொண்டேன். வேறு வழி இல்லை என்றால் மனிதன் சகித்துக்கொள்வான்.

ஒரே ஒரு கேள்வி. டாக்டர் இரண்டு வழி சொன்னாரா, இல்லையா? ஆம் அல்லது இல்லை, ஒரு வார்த்தை போதும்.

தாமித்


அபர்டீன்
27 பிப்ரவரி 2023

அப்பா,

ஆம்.

ஒரு வார்த்தை போதும் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் அதோடு நிறுத்த முடியவில்லை. மிச்சத்தை வாசிப்பதும் கிழித்துப்போடுவதும் உங்கள் விருப்பம்.

உங்கள் அறுவைக்கு முந்தைய வருடம் அம்மாவிடம் கேட்டோம். நான்தான் கேட்டேன். மார்பில் கட்டி, எடுத்துவிடலாமா என்று. "கத்தி வேணாம், வேர் அரைச்சுப் போட்டுக்கிறேன்" என்றாள். நான் உங்களிடம் ஓடி வந்தேன். நீங்கள் படகில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். "அவ உடம்பு, அவ இஷ்டம்" என்றீர்கள். பதினொரு மாதத்தில் அவளை அடக்கம் செய்தோம். அப்படிச் சொன்னதற்காக நீங்கள் ஒருநாளும் வருந்தியதாக எனக்குத் தெரியவில்லை. நான் மட்டும் வருந்திக்கொண்டிருந்தேன், கேட்டதற்காக.

டாக்டர் அந்த இரண்டு வட்டங்களைப் போட்டபோது உங்கள் பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. குரலைக் கொடுக்க மாட்டீர்கள். சிரித்துக்கொண்டே ஐம்பதைத் தேர்ந்தெடுப்பீர்கள். ஜுமாட் மாமாவிடம் போய்ப் பெருமையாகவும் சொல்வீர்கள். எனக்கு இருந்தது அரை நிமிடம். ஒன்றை மட்டும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து உறுதி கேட்டுச் செய்தி வந்தபோது நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள், பக்கத்து அறையில், ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டு. பாட்டைக் கேட்டுக்கொண்டேதான் அந்தப் பதிலை எழுதினேன். நான்கு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது.

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். எழுதக் கற்றிருக்கிறீர்கள். கதிர் வழியில் போயிருந்தால் இந்தக் கடிதத்தை எனக்கு எழுதியிருப்பீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அப்படிக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிகிறது.

இதற்குமேல் உங்களிடம் மறைக்க எதுவும் இல்லை. மன்னித்துவிடுங்கள்.

மஸ்னா


கம்போங் ஆயர்
19 மார்ச் 2023

மஸ்னா,

உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே பதில் எழுதத் தொடங்கினேன். நல்ல பதில் அது. உன் அம்மா விஷயத்தில் நீ சொன்னது சரி, நான் வருந்தியதை உன்னிடம் காட்டியதில்லை என்றுகூட எழுதினேன். இரண்டு பக்கம் முடித்திருந்தேன். கை ஓய்வுக்காக நலப்பதிவைத் திறந்து புதுப் பக்கங்களைப் பார்த்தேன். அதுவரை பழையதையே வாசித்துக்கொண்டிருந்தேன் அல்லவா?

3 பிப்ரவரி, டாக்டர் கின் மியோ: "ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. நுரையீரலில் இரண்டு இடத்தில் நோய் தெரிகிறது. குணப்படுத்த முடியாது, கட்டுப்படுத்தலாம். மருந்து ஏற்றிக்கொள்ள விருப்பமா? நேரில் பேசலாம்."

4 பிப்ரவரி, தாமித் பின் அவாங்: "நேரில் வரத் தேவையில்லை டாக்டர். மருந்து ஏற்றிக்கொள்கிறேன். முதல் தேதியைச் சொல்லுங்கள்."

ஏப்ரல் நான்காம் தேதி என்று குறித்திருக்கிறார்கள். மறைக்க எதுவும் இல்லை என்று நீ எழுதியது பிப்ரவரி இருபத்தேழு. நான் எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று நாள். அந்த இரண்டு பக்கத்தையும் ஆற்றில் விட்டுவிட்டேன்.

வாய் இல்லாதவன் கத்த நினைத்தால் என்ன ஆகும் தெரியுமா? கழுத்தில் காற்று சீறும், அவ்வளவுதான். ஜுமாட் பயந்துபோய் என்னைப் பிடித்துக்கொண்டான். "எங்கடா போகணும், சொல்லு" என்றான். ஆஸ்பத்திரி என்று எழுதினேன். அவன் படகிலேயே அக்கரைக்குப் போனோம். கழுத்துக்கு அவன் சட்டையைச் சுற்றிவிட்டான்.

இந்த மூன்றரை வருடத்தில் டாக்டர் நம் மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறார், தப்பும் தவறுமாக. நான் எழுதுவதும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் சரியாக இருந்தது. போனை அவரிடம் காட்டி, "இது நான் எழுதியது இல்லை. 2019இல் எழுதியதும் நான் இல்லை. அன்று இரண்டு வழி என்று எனக்குத் தெரியாது" என்று பலகையில் எழுதினேன். அதை அழிக்காமல் அவர் வெகுநேரம் வைத்திருந்தார்.

"நீங்க சிரிச்சீங்க, அதான் புரிஞ்சுதுன்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "நான் வேற ஆளைக் கூப்பிட்டு உங்ககிட்டயே திருப்பிக் கேட்டிருக்கணும். என் தப்பு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம்.

"இப்போது கேளுங்கள்" என்று எழுதினேன்.

கேட்டார். "மருந்து ஏத்தினா ஒரு வருஷம் இருக்கலாம். ஏத்தலைன்னா ஆறு மாசம். கூடவும் ஆகலாம், குறையவும் ஆகலாம். எனக்கே சரியாத் தெரியாது."

"மருந்து என்ன செய்யும்?"

"வாந்தி வரும். முடி கொட்டும். ரொம்பச் சோர்வா இருக்கும். விரல் மரத்துப்போகும்."

"எந்த விரல்?"

"கைவிரல், கால்விரல் ரெண்டும்."

"பேனா பிடிக்கலாமா?"

டாக்டர் என் கையை எடுத்துத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டார். "சில பேரால முடியும். சில பேரால சட்டைப் பொத்தானே போட முடியாது. உங்களுக்கு எப்படி ஆகும்னு என்னால சொல்ல முடியாதுங்க பெரியவரே."

வீட்டுக்குப் போய் யோசிக்கிறேன் என்று எழுதினேன். இரண்டு நாள் தந்தார். சென்ற முறையும் எனக்கு இரண்டு நாள் தந்திருந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே பதிவு மேசையில் ஒரு பெண் இருந்தாள். என் சார்பில் மகள் பதில் போடுவதை நிறுத்த வேண்டும் என்று எழுதினேன். "மகளை முழுசா எடுத்துடவா மாமா? இல்ல, பார்க்க மட்டும் விடவா? பார்க்க மட்டும்னா எல்லாம் தெரியும், ஒண்ணும் எழுத முடியாது" என்றாள். ஜுமாட், "எடுத்துடும்மா, முழுசா எடு" என்றான். நான் அவன் காலை மிதித்தேன்.

பார்க்க மட்டும்.

மூன்றாம் நாள் காலையில் நானே டாக்டருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நலப்பதிவைத் திறந்து பார். ஜுமாட்டின் போனுக்குக் கூப்பிட்டு அழாதே. எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

2019இல் நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும் என்கிறாய். எனக்குத் தெரியவில்லை மகளே. எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். சில நாள் குரல் என்கிறேன், சில நாள் உயிர் என்கிறேன். அந்தத் தாமித் என்ன சொல்லியிருப்பான் என்பது இனி யாருக்கும் தெரியாது. குரல் போனதைவிட எனக்கு வலிப்பது அதுதான்.

உன் அப்பா


அபர்டீன்
2 ஏப்ரல் 2023

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மார்ச் பதினேழாம் தேதி வழக்கம்போல் நலப்பதிவைத் திறந்தேன். செய்திகளுக்குக் கீழே எழுதுவதற்கு ஒரு கட்டம் இருக்கும். அதைக் காணவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மேலே உங்கள் செய்தி இருந்தது.

"டாக்டர், நான் தாமித். இதை நானே எழுதுகிறேன். மருந்து வேண்டாம். வலி வந்தால் வலிக்கு மருந்து தாருங்கள். விரல்களை எனக்கு விட்டுவிடுங்கள்."

அதற்கு அவர் கேட்டிருக்கிறார்: "ஆறு மாதம்தான் இருக்கலாம் என்பது உங்களுக்குப் புரிகிறதா?"

நீங்கள்: "புரிகிறது. இந்த முறை எனக்கே புரிகிறது."

இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. திருத்த முடியவில்லை. அந்த வேண்டாம் என்ற சொல்லைத்தான் நான் திருத்த நினைத்திருப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். கட்டம் இருந்திருந்தால் அன்றைக்கே மறுபடியும் செய்திருப்பேன். பொய் சொல்ல மாட்டேன். மருந்து அலமாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, உங்களுக்கு ஏற்றவிருந்த மருந்தின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் மரத்துப்போகும் என்று அதன் உள்ளே இருக்கும் தாளில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. எத்தனையோ பேருக்கு அதை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் டாக்டர் எழுதியதையும் வாசித்தேன். இருமலில் ரத்தம் வருகிறது என்று நீங்கள் சொன்னீர்களாம். எனக்கு எழுதவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை, சரி. ஆனால் எனக்கு எல்லாம் தெரிகிறது அப்பா. தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன். ஒன்றும் செய்ய முடியாமல் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் அதை விட்டுவைத்தீர்களா?

வேலையை விட்டுவிட்டேன். மே ஒன்பதாம் தேதி வந்து சேர்கிறேன். வர வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன். மே பதினொன்றாம் தேதி உங்களுக்கு டாக்டரிடம் போகும் நாள் என்று பார்த்தேன். கூட வருகிறேன். உள்ளே வர மாட்டேன். ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்க மாட்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

மஸ்னா


கம்போங் ஆயர்
18 ஏப்ரல் 2023

மகள் மஸ்னாவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். மூச்சு வாங்குகிறது. கை நன்றாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். உன்னைத் தண்டிக்கவும்தான் விட்டுவைத்தேன். வேறு காரணமும் உண்டு. என் உடம்பில் நடப்பது ஒருவருக்காவது நான் சொல்லாமலே தெரிய வேண்டும் என்று தோன்றியது. ஜுமாட்டுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

பிழைகள் எந்த இடத்தில் என்று வந்து காட்டு. டீச்சர் ஒன்றைத்தான் கண்டுபிடித்தார்.

ரத்தம் இப்போது தினமும் வருகிறது. நீ எப்படியும் பார்த்துவிடுவாய், அதனால் நானே சொல்கிறேன். மே மாதம் நான் இருப்பேன் என்கிறார் டாக்டர். அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெளியே உட்காராதே. உள்ளே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார். நானும் பேசப்போவதில்லை. நீயும் பேசாதே. டாக்டர் பேசட்டும்.

உன் அப்பா